மூன்றாவது உபசாரம்

அந்த ஆள் விரலைத் தூக்கவில்லை.

அயர்லாந்தின் மேற்குக் கரையில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. எதிரே வருகிறவன் உறவுக்காரனோ, ஊருக்கே ஆகாதவனோ, ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே ஆள்காட்டி விரலை மட்டும் ஒரு அங்குலம் தூக்கிக் காட்ட வேண்டும். நடந்து போகிறவனாக இருந்தால் தலையை ஒரு பக்கம் சாய்த்து, அவனும் ஒரு விரலைத் தூக்குவான். வேலித் தகராறில் இருபது வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பிகூட இதில் குறை வைப்பதில்லை. பேசாமல் இருப்பது வேறு, மரியாதை வேறு.

ஃபிடெல்மா கார்வி அந்தச் சனிக்கிழமை மத்தியானம் சதுப்புச் சாலையில் வழக்கம்போல விரலைத் தூக்கினாள். சாலையிலிருந்து ஐம்பதடி தள்ளி, அடுப்பெரிக்க வெட்டிக் காயவைத்திருந்த கரிமண் குவியலுக்குப் பக்கத்தில் ஒரு ஆள் நின்றிருந்தான். சாலைக்கு முதுகைக் காட்டி நின்றான். கார் சத்தம் கேட்டால் எவனும் திரும்புவான். அந்தச் சாலையில் ஒரு நாளைக்கு எட்டு வண்டி போனால் அதிகம். அவன் திரும்பவில்லை. அவள் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே போனாள். முதுகு சின்னதாகிக்கொண்டே போயிற்று, அவ்வளவுதான்.

"காது கேக்காது போல, பாவம்" என்று பக்கத்து இருக்கையைப் பார்த்துச் சொன்னாள். பக்கத்து இருக்கையில் ரொட்டி மாவுப் பையும் முட்டை அட்டையும் இருந்தன. புருஷன் மலக்கி போய்ப் பதினெட்டு மாதம் ஆகிறது. வாய்க்கு இன்னும் அது தெரியவில்லை.

இருபத்திரண்டு வருஷமாக ஜூன் மாதம் பிறந்தால் இரண்டு வாரம் இந்தச் சதுப்போரத்து வாடகை வீடுதான். ஓட்டுகிறவன் மலக்கி, வழி சொல்கிறவள் அவள். வழி தெரிந்த சாலையிலும் சொல்லிக்கொண்டே வருவாள். போன வருஷம் மட்டும் வரவில்லை; இந்த வருஷம் தனியாகப் போகிறேன் என்றதும் மகள் ஈமர் கனடாவிலிருந்து போனிலேயே அழுதாள். "மம்மி, உங்களால தனியா இருக்க முடியாது. அத்லோன் வீட்ட வித்துட்டு இங்க வந்துடுங்க."

"ரெண்டு வாரம் தனியா இருந்து காட்டுறேன். முடியலைன்னா நானே வீட்டுக்கு விலைப் பலகை மாட்டிடறேன்" என்றாள் ஃபிடெல்மா. வீம்புக்குச் சொன்னதுதான். ஆனால் ஈமர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். ஆக, இந்த இரண்டு வாரம் உல்லாசம் இல்லை, பரீட்சை. ஜெயித்தால் சொந்த வீடு, சொந்த அடுப்பு, சொந்த ஜன்னல். தோற்றால் டொராண்டோவில் பதினான்காவது மாடியில் ஒரு அறை.

உண்மையைச் சொன்னால், சொந்த ஊரான அத்லோனில் அவள் ஜெயித்துக்கொண்டிருக்கவில்லை. சூப்பர் மார்க்கெட்டில் நாமே பொருளைக் காட்டிப் பணம் கட்டும் மெஷின் பக்கம் போக மாட்டாள். நீளமான வரிசையில் நின்று, கவுண்டர் பெண்ணிடம் "மழை விட்டுடும்போல" என்று ஒரு வார்த்தை பேசிவிட்டு வருவாள். சில நாட்களில் அது ஒன்றுதான் அன்றைய பேச்சு.

வாடகை வீட்டின் சாவி ஃபெஸ்டஸ் என்ற கிழவரிடம் இருக்கும். ஒரு மைல் தள்ளி மாடும் ஆடும் வைத்துக்கொண்டு மனைவி நோரீனோடு இருக்கிறார். அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் டிராக்டரில் ஒரு கூடை கரிமண் கொண்டுவந்து இறக்கிவிட்டு, வாசற்படியில் நின்று தொப்பியைத் தொட்டார்.

"மலக்கிய நெனச்சா மனசு ஆறல, கார்வியம்மா. உங்க கஷ்டத்துக்கு வருத்தப்படறேன்."

"நன்றி ஃபெஸ்டஸ். டீ போடட்டுமா?"

"ஐயையோ, வேண்டாங்க. இப்பத்தான் குடிச்சேன்."

"ஒரே ஒரு கப்."

"வேண்டாம், வேண்டாம். உங்களுக்கு எதுக்குச் சிரமம். மாடு வேற காத்துக்கிட்டிருக்கும்."

"அட, வாங்கன்னா."

"சரி, அரைக் கப். அடி நனையுற அளவுக்கு, அவ்வளவுதான்."

அரைக் கப் மூன்று கப் ஆயிற்று. சோடா ரொட்டியில் பாதி காணாமல் போயிற்று. மாடுகள் தங்கள் பாட்டைப் பார்த்துக்கொண்டன.

இதுதான் அங்கே முறை. முதல் தடவை கேட்டதுமே சரி என்கிறவன் பட்டினி கிடந்தவன். இரண்டாவது தடவைக்குச் சம்மதிக்கிறவன் வளர்ப்பு சரியில்லாதவன். மூன்றாவது தடவை கேட்டபின் மறுக்கிறவன் மனுஷனே இல்லை. கேட்கிறவர்களுக்கும் கணக்கு உண்டு. இரண்டோடு நிறுத்திக்கொண்டால் கஞ்சப்பிசினாரி என்ற பேர் மூன்று தலைமுறைக்கு நிற்கும். அன்று கப்புகளைக் கழுவும்போது ஃபிடெல்மா முணுமுணுவென்று பாடினாள். மூன்று தடவை கேட்பதற்கு வாசலில் ஒரு ஆள் நின்று எத்தனை மாதம் ஆயிற்று என்று எண்ணிப் பார்த்து, பாட்டை நிறுத்திக்கொண்டாள்.

திங்கட்கிழமை மழை. சதுப்பு முழுக்கப் பழுப்பும் சாம்பலுமாகக் கரைந்து, வானம் எங்கே முடிகிறது என்று தெரியாத மழை. கடைக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தாள். அந்த ஆள் இப்போது குவியல் பக்கத்தில் இல்லை. சாலை ஓரத்திலேயே நின்றிருந்தான். அதே முதுகு. இடுப்பில் பெல்ட் கட்டிய வெளிர் நிறக் கோட்டு, நகரத்துக்காரர்கள் லீவுக்கு வரும்போது போட்டுக்கொள்வது. காலடியில் சின்னப் பெட்டி ஒன்று. பாலிஷ் போட்ட ஷூவில் அந்த மண் ஒட்டவே இல்லை.

நனைகிறவனைப் பார்த்துவிட்டு நிற்காமல் போகிற வழக்கம் அவள் குடும்பத்தில் இல்லை. வண்டியை நிறுத்தி, அந்தப் பக்கத்துக் கண்ணாடியை நாலு விரல் இறக்கினாள்.

"ஏறிக்கோங்க! எங்க போகணுமோ விட்டுடறேன்."

அவன் திரும்பவில்லை. ஆனால் பதில் வந்தது. மெல்லிய, கூச்சப்பட்ட, நல்ல வளர்ப்புள்ள குரல்.

"வேண்டாங்க. உங்களுக்கு எதுக்குச் சிரமம்."

கண்ணாடி இடுக்கு வழியாக ஒரு வாடை வந்தது. நனைந்த கம்பளி, அடியில் நெடுநாள் தேங்கிய கறுப்புத் தண்ணீர், அதோடு எப்போதோ ஆறிப்போன டீ. இன்னொரு தடவை கேட்பதற்கு அவள் வாயைத் திறந்தாள். என்னவோ, கால் தானாகவே ஆக்சிலேட்டரை மிதித்துவிட்டது. வீட்டுக்கு வந்த பிறகு வெட்கமாக இருந்தது. ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டு ஓடி வந்துவிட்டோமே, மலக்கி இருந்தால் என்ன சொல்லியிருப்பான் என்று ராத்திரிவரை மனசைப் போட்டுப் பிசைந்தாள். அந்த வாடை காரில் மறுநாளும் இருந்தது.

புதன்கிழமை வெயில் எட்டிப் பார்த்தது. பிளாஸ்க்கில் டீ ஊற்றிக்கொண்டு நடக்கக் கிளம்பினாள். வீட்டிலிருந்து அரை மைல்கூட இல்லை, வளைவில் ஒற்றை முள்மரம் நிற்கும் இடம். அங்கே நின்றிருந்தான். முதுகு. கோட்டு. பெட்டி. சனிக்கிழமை இருந்த இடத்துக்கும் இதற்கும் ஒன்றரை மைல் இருக்கும். ஒவ்வொரு தடவையும் கிட்டே வந்திருக்கிறான் என்று மனசின் ஒரு மூலை சொல்லியது. யாரோ கூச்சக்கார பிரம்மச்சாரி, திங்கட்கிழமை செய்த குறையை இன்று சரிபண்ணிவிடு என்று இன்னொரு மூலை சொல்லியது.

"நல்ல வெயில்" என்றாள்.

"ஆமாங்க" என்றது முதுகு.

சுற்றிலும் ஒரு குருவிச் சத்தம் இல்லை. காற்று இருந்தது, முள்மரத்தின் இலை ஆடியது, அவள் தலைமுடி பறந்தது. அவன் கோட்டின் நுனி ஆடவில்லை. வெயிலில் நின்ற கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"டீ இருக்கு. சூடா இருக்கு. ஒரு வாய் குடிக்கிறீங்களா?"

"வேண்டாங்க. உங்களுக்கே வேணும். உங்களுக்கு எதுக்குச் சிரமம்."

மூன்றாவது வார்த்தை நாக்கு நுனியில் இருந்தது. அட, என்று தொடங்கவேண்டியதுதான். பின்னால் டிராக்டர் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தாள், ஃபெஸ்டஸ், பக்கத்தில் நாய். மறுபடி மரத்தைப் பார்த்தபோது அங்கே யாரும் இல்லை. புல்லில் இரண்டு ஷூ அளவுக்குப் பள்ளம், அதில் பழுப்புத் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது.

ஃபெஸ்டஸ் இன்ஜினை அணைத்தார். "யார்கிட்ட பேசிக்கிட்டிருந்தீங்க?"

"இங்க ஒருத்தர்... கோட்டுப் போட்டுக்கிட்டு... இப்பத்தான் நின்னாரு."

"முதுகக் காட்டிக்கிட்டா?"

அவள் தலையசைத்தாள்.

"எத்தன தடவ கேட்டீங்க?"

"எத?"

"வண்டியில ஏறுங்க, டீ குடிங்க, உள்ள வாங்க, ஏதோ ஒண்ணு. எத்தன தடவ?"

"திங்கக்கெழம ஒண்ணு. இப்ப ஒண்ணு."

ஃபெஸ்டஸ் தொப்பியைக் கழற்றினார். இருபத்திரண்டு வருஷத்தில் தேவாலயத்துக்கு வெளியே அவருடைய மொட்டைத் தலையை அவள் பார்த்ததில்லை.

"இனிமே கேக்காதீங்க, கார்வியம்மா. அவரு வேண்டாம்பாரு. சரி உங்க இஷ்டம்னு விட்டுட்டு வந்துடுங்க."

"யாரு அது?"

"யாரு கண்டா? லீவுக்கு வந்தவரு யாரோ. எனக்குக் கல்யாணம் ஆன புதுசுலேர்ந்து, நாப்பது வருஷமா இருக்காரு. அதுக்கு முன்னாடி, நான் பொடியனா இருந்தப்ப, அது ஒரு பொம்பள. கையில குடை வச்சிருப்பாளாம், எந்த மழைக்கும் விரிக்க மாட்டாளாம். எங்க அப்பா பார்த்திருக்காரு."

"நான் இத்தன வருஷமா வரேனே. ஒரு நாளும் பார்த்ததில்லையே."

ஃபெஸ்டஸ் நாயின் காதைத் தடவினார். "ரெண்டு பேரா வந்தீங்க. ரெண்டு பேரா வர்றவங்க கண்ணுக்கு அது படாது."

அவர் வேண்டுமென்று சொல்லவில்லை. ஆனாலும் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. சுற்றி நாலு மைல் சதுப்பும், அதன் நடுவில் ஒற்றை ஆளாகத் தானும். அந்தக் காட்சியை இப்போதுதான் வெளியிலிருந்து பார்க்கிற மாதிரி இருந்தது.

"மூணாவது தடவ கேட்டா என்ன ஆகும்?"

"மூணாவது தடவ கேட்டா மாட்டேன்னு சொல்ல முடியுமா? மரியாத இல்லையே" என்று ஃபெஸ்டஸ் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. "இன்னைக்கே எங்க வீட்டுக்கு வந்துடுங்க. நோரீன் படுக்க போட்டு வெப்பா."

அவளுக்குப் போகவேண்டும். காலெல்லாம் போ போ என்றது. வாய் சொல்லியது, "ஐயோ, வேண்டாம் ஃபெஸ்டஸ். உங்களுக்கு எதுக்குச் சிரமம்."

"சிரமம் என்ன. ஒரு தட்டு கூட வைக்கப்போறா."

"இல்ல இல்ல, பரவாயில்ல. நான் சமாளிச்சுக்குவேன்."

ஃபெஸ்டஸ் மூச்சை இழுத்து வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து நாய் குரைத்தது. மேட்டுக் கொல்லையில் வேலிக் கம்பி அறுந்து, ஆடுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாலையில் குதித்துக்கொண்டிருந்தன. கிழவர் ஒரு கெட்ட வார்த்தையைச் சொல்லி, அதற்கு உடனே சிலுவைக் குறியும் போட்டுக்கொண்டு, டிராக்டரைக் கிளப்பினார்.

ஃபிடெல்மா முள்மரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றாள். திரும்பி வந்து கேட்பார் என்று நின்றாள். அவர் வரவில்லை. இரண்டு தடவைதான் கேட்டார்; மூன்றாவது தடவை கேட்காத வீட்டுக்கு எந்த முகத்தோடு பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவது?

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினாள். அந்த ஊரில் பகலில் தாழ்ப்பாள் போடும் வழக்கமில்லை, அன்று போட்டாள். மழை மறுபடி பிடித்துக்கொண்டது. ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு, பரீட்சையாவது ஒன்றாவது, அத்லோனுக்கே போய்விடுவோம் என்று துணிகளைப் பெட்டியில் திணித்தாள். கார் சாவியை எடுத்தாள். ஜன்னல் வழியாகப் பார்த்தாள்.

கேட்டருகே நின்றிருந்தான். வீட்டுக்கு முதுகைக் காட்டி, சாலையைப் பார்த்து. கேட்டைத் திறக்கவேண்டுமானால் காரை விட்டு இறங்கி, அவன் பக்கத்தில் போய், அவனுடைய முகம் இருக்கும் பக்கமாகச் சுற்றித்தான் திறக்கவேண்டும்.

போனுக்கு சிக்னல் கிடைப்பது மாடி அறையின் ஜன்னல் திட்டில் மட்டும்தான். ஒற்றைக் காலில் நிற்காத குறையாக நின்று ஃபெஸ்டஸ் வீட்டுக்கு அடித்தாள். நோரீன் எடுத்தாள்.

"அவரு ஆட்டுப் பின்னாடி போயிருக்காரு. இன்னும் பத்து நிமிஷத்துல வந்துடுவாரு. ஏதாவது அவசரமா, கார்வியம்மா?"

அவசரம் என்று சொல்லத்தான் போன் செய்தாள். "அவசரம் ஒண்ணும் இல்ல" என்றாள். "இந்தப் பக்கம் வந்தா எட்டிப் பார்க்கச் சொல்லுங்க. வேலை இருந்தா வேண்டாம்." போனை வைத்தபின் தன் வாயைத் தானே அறையவேண்டும் போல இருந்தது. அந்த ஊரில் பத்து நிமிஷம் என்றால் பால் கறந்து முடிக்கும் வரை என்று அர்த்தம்.

கீழே வந்தாள். கை சும்மா இருக்க முடியாமல் கெட்டிலை அடுப்பில் வைத்தாள். ரேடியோவைப் போட்டாள். ஆறு மணி பிரார்த்தனை மணி அடித்துக்கொண்டிருந்தது. அந்த ஊரில் ஜூன் மாதத்தில் சாயங்காலம் ஆறு மணியும் நட்டநடுப் பகல்தான். வெளிச்சம் சாம்பல் பூத்து எல்லா ஜன்னலிலும் நின்றது. மணி ஒவ்வொன்றாக விழுந்தது. மூன்று. இடைவெளி. மூன்று. இடைவெளி. கடைசி இடைவெளியில், முற்றத்துச் சரளையில் ஒரு காலடி கேட்டது. பின்பக்கமாக நடக்கிற காலடி. விரல் முதலில் பதிந்து, பிறகு குதிகால். ஒன்று. இன்னொன்று. வாசற்படி.

அவள் ரேடியோவை நிறுத்தினாள்.

கதவின் மேல்பாதியில் மங்கிய கண்ணாடி. அதில் வெளிர் நிறக் கோட்டு தெரிந்தது. முதுகு.

"வேண்டாங்க" என்றது குரல்.

யாரும் எதையும் கேட்கவில்லை.

"நான் உள்ள வரல. சும்மா இப்படிப் போனேன். உங்களுக்கு எதுக்குச் சிரமம்."

பிறகு மௌனம். ஒரு வாக்கியம் பேசும் அளவுக்கு மௌனம். அங்கே வீட்டுக்காரி பேசவேண்டும். அவள் பாத்திரம் துடைக்கும் துணியை எடுத்து வாயில் அழுத்திக்கொண்டாள். பல்லால் கடித்தாள்.

"கெட்டில் கொதிக்குது போல. எனக்காக வேண்டாங்க. இப்பத்தான் குடிச்சேன்."

மௌனம்.

"ரொட்டி வாசன நல்லா இருக்கு. இல்லைங்க, வேண்டாம்."

தண்ணீர் சொட்டும் சத்தம். கதவின் கீழிடுக்கு வழியாக அந்த வாடை வந்தது. நனைந்த கம்பளி. கறுப்புத் தண்ணீர். ஆறிய டீ.

அது மலக்கியின் குரல் இல்லை. மலக்கியின் முதுகும் இல்லை. மலக்கி அகலமான ஆள், கூச்சம் என்றால் என்னவென்று தெரியாதவன். இருந்தாலும் பரவாயில்லை என்று ஒரு நினைப்பு வந்தபோதுதான் அவளுக்கு உண்மையான பயம் வந்தது. வெளியே நிற்பது யார் என்பது பயமில்லை. கதவுக்கு வெளியே ஒரு ஆள் நிற்கிறான், அது தனக்கு வேண்டியிருக்கிறது என்பதுதான் பயம்.

மணி ஆறரை. ஃபெஸ்டஸ் வரவில்லை.

"நீங்க தனியா இருக்கீங்க" என்றது குரல், மிகவும் இரக்கத்தோடு. "தொந்தரவு பண்ணக் கூடாது. நான் நின்னுக்கறேன். பழக்கம்தான்."

நாற்பது வருஷமாக நிற்கிறான். யாரோ ஒரு தடவை கேட்டிருப்பார்கள், யாரோ இரண்டு தடவை. பிறகு கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போயிருப்பார்கள். பதினெட்டு மாதத்துக்கே தனக்கு நெஞ்சு காய்ந்துவிட்டது. நாற்பது வருஷம், மழையில். அவளுக்கு அழுகை வந்தது. துணி வாயிலிருந்து நழுவியது.

"அட" என்றாள். "வாங்கன்னா."

தாழ்ப்பாள் அவள் போட்டது. யாரும் தொடாமல் விலகியது.

முதுகைக் காட்டியபடியே உள்ளே வந்தான். பின்பக்கமாக, தடுமாறாமல், வீடு தெரிந்தவனைப் போல. அடுப்பைப் பார்த்துப் போட்டிருந்த மலக்கியின் நாற்காலியில் உட்கார்ந்தான். அவள் டீ ஊற்றி, தோளுக்கு மேலாக நீட்டினாள். ஒரு கை பின்னால் வந்து வாங்கிக்கொண்டது. நீரில் ஊறிச் சுருங்கிய விரல்கள். ரொட்டி கொடுத்தாள். தின்னும் சத்தம் கேட்டது. என்ன பேசுவது என்று தெரியாமல், "இந்த வருஷம் மழை அதிகம்" என்றாள்.

"ஆமாங்க."

"முன்னெல்லாம் இப்படி இல்ல."

"இல்லைங்க."

சொன்னால் வெட்கம். அந்தக் கால் மணி நேரம் ஃபிடெல்மா சந்தோஷமாக இருந்தாள். இரண்டாவது கப் ஊற்றினாள். மூன்றாவது கப்பும் ஊற்றினாள். மலக்கியைப் பற்றிச் சொன்னாள், ஈமரைப் பற்றிச் சொன்னாள், பதினான்காவது மாடியைப் பற்றிச் சொன்னாள். முதுகு கேட்டுக்கொண்டிருந்தது. கோட்டு காய்ந்துகொண்டே வந்தது. அவளுடைய சட்டை ஏனோ ஈரமாகிக்கொண்டே வந்தது.

அவன் கப்பைக் கீழே வைத்தான்.

"பத்திரமா வீடு போய்ச் சேருங்க" என்றான்.

அங்கே அது வீட்டில் இருக்கிறவர்கள், கிளம்புகிறவர்களுக்குச் சொல்வது. விருந்தாளி சொல்வதில்லை. வாய் தவறிச் சொல்லிவிட்டார் என்று நினைத்தாள். நீங்கதானே போகணும் என்று சிரித்துக்கொண்டே சொல்லப் போனாள். அவள் கை தாழ்ப்பாளில் இருந்தது.

அவளுடைய கைதான்.

கதவு திறந்தது. சரளைக்கல். மழை. கதவு பின்னால் சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம். கால்கள் கேட்டை நோக்கிப் போயின. அவள் போகவில்லை, கால்கள் போயின. கேட்டருகே ஒரே ஒரு தடவை வீட்டைத் திரும்பிப் பார்க்க முடிந்தது.

சமையலறை ஜன்னலில் ஒரு ஆள் நின்று அவளுடைய கப்பைக் கழுவிக்கொண்டிருந்தான். முகம் தெரிந்தது. பயங்கரமான முகம் இல்லை. ஐம்பது வயது, செம்பட்டை முடி, கன்னத்தில் புள்ளிகள், அழுது சிவந்த கண்கள். அவளைப் பார்த்தான். குழாயை நிறுத்தினான். ஈரக் கையின் ஆள்காட்டி விரலை ஒரு அங்குலம் தூக்கினான்.

பிறகு அவள் கழுத்து சாலைப் பக்கமாகத் திரும்பியது. அதன் பின் வேறு எந்தப் பக்கமும் திரும்பவில்லை.

சதுப்பில் கரிமண் குவியலுக்குப் பக்கத்தில் நின்றால் கண்ணுக்குத் தெரிவது பழுப்பும் சாம்பலும் மட்டும்தான். சாலை முதுகுக்குப் பின்னால். டிராக்டர் சத்தம் வரும், ஃபெஸ்டஸின் இருமல் வரும். நிற்காது, பக்கத்தில் நாய் இருக்கிறது. பிறகு டிராக்டர் மட்டும் வந்தது, இருமல் வேறு யாருடையதோ. கார்களில் இரண்டிரண்டு பேராகப் போவார்கள், குழந்தைகள் கத்தும், ஒருவர் கண்ணிலும் அவள் படுவதில்லை. எத்தனை ஜூன் என்று அவள் எண்ணவில்லை. ஒன்றை மட்டும் முடிவு செய்து வைத்திருந்தாள். முதல் தடவை கேட்டதுமே சரி என்று சொல்லிவிடவேண்டும். பட்டினி கிடந்தவள் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும்.

ஒரு மழை நாளில் ஒரு கார் வேகம் குறைந்தது. நின்றது. கண்ணாடி இறங்கும் சத்தம். உள்ளே ஒரே ஒரு மூச்சு.

"ஏங்க! நனையறீங்களே. ஏறிக்கோங்க, விட்டுடறேன்." இளம் பெண்ணின் குரல். நல்ல பெண்.

சரி, என்று நெஞ்சு கத்தியது. சரி, சரி, வரேன்.

"வேண்டாங்க" என்றது அவள் வாய். "உங்களுக்கு எதுக்குச் சிரமம்."

இன்ஜின் கொஞ்ச நேரம் உறுமிக்கொண்டு நின்றது. அவள் காத்திருந்தாள். கண்ணாடி ஏறியது. சக்கரம் தண்ணீரை வாரியடித்துக்கொண்டு போயிற்று. கையில் இருந்த பாத்திரம் துடைக்கும் துணியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.